அவனுக்கும் மே மாதம்தான் லீவு

ஏப்ரல் பிறந்ததும் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் விளம்பரங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். 'உங்கள் பிள்ளையை மொபைலிலிருந்து மீட்டெடுங்கள்.' மூன்று நாள், இரண்டு இரவு. கூடாரம், கயிறு ஏறுதல், ஜிப்லைன், கேம்ப் ஃபயர். இவற்றுக்கு நடுவில் ஒரு வரி: 'மலைவாழ் மக்களின் வாழ்க்கையை அருகிலிருந்து காணும் அனுபவம்.' கேம்ப் ஃபயருக்கும் காலை யோகாவுக்கும் இடையில் ஒரு மணி நேரம் மனிதர்களைப் பார்க்கலாம். கட்டணத்தில் அதுவும் அடக்கம்.

நானும் பணம் கட்ட இருந்தேன், பொய் சொல்வானேன். கடைசி நேரத்தில் என்னைத் தடுத்தது கொள்கை இல்லை, கட்டணம். 'எதுக்கு இவ்வளவு? நம்ம ஊர்லயே மலை இருக்குல்ல' என்றாள் மனைவி. இருக்கிறது. நான் கள்ளக்குறிச்சிக்காரன். மேற்கே பார்த்தால் நீலமாகக் கிடக்கும் கல்வராயன்மலையைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். பள்ளியில் கோமுகி அணைக்கு டூர் கூட்டிப்போனார்கள். புளிசாதம் தின்றோம், திரும்பினோம். அணைக்குப் பின்னால் நிற்கிற மலையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்காமல் விட்டதைப் பற்றியது. பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் நம்மைப் பற்றியது. கூட்டிப்போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நாம் போகிற விதம் அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல வருகிறேன்.

*

போன மே மாதம் போனோம். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலை ஏறியதும் காற்று மாறியது. கீழே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, மேலே பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள். பெரியார் அருவியில் நூல்போலத் தண்ணீர். 'யூடியூப்ல வேற மாதிரி இருந்துச்சே' என்றான் மகன். மழை பெய்தால்தான் அருவி, அது குழாய் இல்லை என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. அந்த ஏமாற்றத்துக்காகவே மே மாதத்தில் கூட்டிப்போகலாம்.

கரியாலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். வாடகை பேசிக் கொடுத்தோம். விடியற்காலையில் எழுந்து நடப்பது, வெயில் ஏறுவதற்குள் திரும்புவது. வீட்டுப் பெரியவர் முன்னால் போவார், நாங்கள் பின்னால். மரவள்ளிக் கொல்லைகள், பலா மரங்கள், கால் நனையும் ஓடை. முதல் நாள் அரை மணி நேரத்தில் 'கால் வலிக்குது' என்ற மகன் மூன்றாம் நாள் எங்களுக்கு முன்னால் ஓடினான். மகள் மொபைலைக் கேட்கவே இல்லை. அந்த விளம்பரங்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். நடந்தால் பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, படுத்ததும் தூங்குகிறார்கள், அண்ணன் தங்கை அக்கா தம்பிச் சண்டைகள் பாதியாகின்றன. அதை நான் மறுக்கப் போவதில்லை.

இரண்டாம் நாள் எங்களோடு ஒரு பையன் சேர்ந்துகொண்டான். பெரியவரின் பேரன். என் மகள் வயதுதான். காலையில் சாலையோரம் பலாச்சுளை விற்றுவிட்டு வந்திருந்தான். எந்தக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும், எந்தச் செடி அரிக்கும், நண்டு எந்த இடுக்கில் இருக்கும் என்று என் பிள்ளைகளுக்குக் காட்டினான். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சொன்னான். நாங்கள் அன்று 'டிரெக்கிங்' என்று பெயர் வைத்து நடந்த தூரத்தைவிட அதிகம்.

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இருபது வருடமாக இலக்கியம் படிக்கிறவன், நாலு கூட்டத்தில் பேசியவன், சொன்னேன்: 'பாத்தியா பாப்பா? அவன் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறான். உனக்கு வாசல்லயே வேன் வருது. அப்பவும் அழுவுற.'

பையன் சிரித்துக்கொண்டே தள்ளிப்போய்விட்டான். மகள் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு கேட்டாள்: 'அவனுக்கும் இப்ப லீவுதானே? அவன் ஏன் நம்ம ஊருக்கு வரல?'

*

பதில் சொல்ல எனக்கு வரலாறு தேவைப்பட்டது. பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தராத வரலாறு.

முதலில் பெயர். கல்வராயன்மலையின் பழங்குடிகள் மலையாளிகள். இந்தச் சொல்லைக் கேட்டதும் கேரளம் ஞாபகம் வந்தால், நீங்களும் என்னைப் போலத்தான். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கொல்லிமலை, பச்சைமலை, ஏற்காடு, ஜவ்வாது, சித்தேரி என்று இந்தப் பக்கத்து மலைகள் எல்லாவற்றிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். தமிழ் படித்தவர்களான நமக்கு அவர்களைத் தெரியாது.

பிறகு நிலம். 1947இல் நாடு விடுதலை பெற்றது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கல்வராயன்மலைக்கு இரண்டும் வந்து சேரவில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கீழேயே மலை இருந்தது. ஜாகீர்தாருக்கு வரி, ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாத உழைப்பு. அரசு அந்த மலையைத் தன் நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டது 1976இல். நான் சொல்வது 1876 இல்லை. தமிழ்நாட்டில் திராவிடக் கட்சிகள் ஆட்சிக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து, 1976.

அந்தப் பையனின் தாத்தா, எங்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டிய அந்தப் பெரியவர், அப்போது இளைஞர். 'எங்கப்பாரு காசு கையில வாங்குனது ரொம்ப கம்மி தம்பி' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தோண்டிக் கேட்கவில்லை.

தோண்டவேண்டிய இடம் என் வீட்டில் இருந்தது. என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் தலைச்சுமையாக வரும். வாங்குவதற்கு ஒரு எடைக்கல், விற்பதற்கு ஒரு எடைக்கல். அதை வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். 'மலைக்காரனுக்குக் கணக்குத் தெரியாது.' நான் படித்த படிப்பில் அந்த எடைக்கல்லின் கிராம்களும் உண்டு. ஆகவே மகள் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இதுதான்: அவன் தாத்தாவிடம் இருக்கவேண்டிய காசில் கொஞ்சம் என் தாத்தாவிடம் வந்துவிட்டது, அதனால்தான் நாம் லீவுக்கு இங்கே வருகிறோம், அவன் அங்கே வருவதில்லை.

'அவன் எவ்வளவு கஷ்டப்படுகிறான் பார்' என்று பிள்ளைக்குச் சொல்கிறபோது நாம் இதைத்தான் மறைக்கிறோம். கஷ்டம் என்பது மழைபோல வானத்திலிருந்து விழுந்தது என்று கற்பிக்கிறோம். இன்னும் மோசம், அவன் வறுமையை நம் பிள்ளைக்கு வைட்டமின் மாத்திரையாகப் புகட்டுகிறோம். அவன் நடக்கிறான், ஆகவே நீ நன்றியோடு இரு. அவன் நடப்பது எதற்காக? என் மகள் ஒழுங்காக ஹோம்வொர்க் எழுதுவதற்காகவா?

*

இனி 'ஏழைகளின் ஊட்டி'க்கு வருவோம்.

ஏற்காட்டுக்கு வைத்த பட்டத்தை இப்போது கல்வராயன்மலைக்கும் சூட்டியிருக்கிறார்கள். செய்தித்தாள், யூடியூப் சேனல், கோடை விழா மேடைப் பேச்சு, எல்லாவற்றிலும் இதுதான். இந்தப் பட்டத்தில் வரும் ஏழை யார்? மலையில் இருக்கிறவர் இல்லை. ஊட்டிக்குப் போகக் கையில் காசு போதாத கீழ்நாட்டு நடுத்தர வர்க்கம். மலையின் மேல் உண்மையிலேயே ஏழைகள் இருக்கும்போது, அந்தச் சொல்லையும் பிடுங்கி நாமே வைத்துக்கொண்டோம்.

சரி, ஊட்டி என்றால் என்ன? அது தோடர்களின் மேய்ச்சல் நிலம். 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே கல்வீடு கட்டினார். மற்றது நமக்குத் தெரியும். இன்று தோடர்கள் சுமார் 2000 பேர். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வாங்கவேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கே உச்சவரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000. மலை மூச்சுத் திணறி நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகும், இன்னொரு மலையைப் பார்த்து 'ஊட்டி மாதிரி ஆக்குவோம்' என்று வாழ்த்துகிறோம். இதற்குப் பெயர் வாழ்த்தா?

இன்னொரு ஞாபகம். 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனால் தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனம். அது மலையில் விளைவதில்லை, காய்ச்சுவதும் இல்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடைகளில் பேச்செல்லாம் 'மலைச் சாராயம்' பற்றித்தான். கல்வராயன்மலை என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்க உச்சரித்தது அப்போதுதான். அதற்குப் பிறகே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. பெரிய சாவு ஒன்று விழுந்தால்தான் மலை நம் கண்ணில் படுகிறது. இல்லாவிட்டால் கோடை விடுமுறை வரவேண்டும்.

*

எதிர்க்கேள்விகள் எனக்குத் தெரியும்.

'டூரிஸம் வந்தா அவங்களுக்குத்தானே வருமானம்?' வரலாம். வருமானம் யார் கையில் நிற்கிறது என்று பாருங்கள். ரிசார்ட் கட்டுகிறவர் கீழ்நாட்டார், வேன் கீழ்நாட்டாருடையது, முகாம் நடத்துகிறவர் சென்னைக்காரர். மலைக்காரருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. மரவள்ளியை மலையில் பிடுங்கி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு அனுப்பும்போதும் விலையைச் சொல்கிறவர் அவர் இல்லை. அந்தக் கணக்கேதான் அருவிக்கும். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சொன்ன வாடகையைக் கொடுத்து, அவர்கள் சமைத்ததைத் தின்றால் காசு அங்கேயே நிற்கும். டூரிஸம் என்ற சொல்லுக்குள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

'சாலை போட்டால் எல்லாருக்கும் நல்லதுதானே?' நல்லதுதான். எந்தச் சாலை முதலில் என்பதுதான் கேள்வி. அருவிக்குப் போகும் சாலையும் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சாலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எது முதலில் போடப்படுகிறது என்று பார்த்தால் அரசுக்கு யார் முக்கியம் என்று பிள்ளைக்கே புரியும்.

'அப்ப நாங்க குற்றவுணர்ச்சியோட வீட்லயே உக்காரணுமா?' வேண்டாம். குற்றவுணர்ச்சியால் யாருக்கும் ஒரு வாய்ச் சோறு கிடைக்காது. ஏசி மாலில் பிள்ளையை விளையாடவிடுவதைவிட மலைக்குக் கூட்டிப்போவது ஆயிரம் மடங்கு மேல். நடக்கவிடுங்கள், விழவிடுங்கள், முட்டி சிராய்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஊர்க்காரர் இல்லாமல், வனத்துறையிடம் கேட்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் செத்தார்கள். கோடையில் காய்ந்த புல் எப்படி எரியும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அங்கே பிறந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்குக் கூலி உண்டு. பிள்ளையின் முன்னால் அதைக் கொடுங்கள், பேரம் பேசாமல்.

அப்புறம், பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 1976 என்ற எண்ணைச் சொல்லுங்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது என்பதையும், தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுவோடு அலைகிறவர்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். காபித் தோட்டத்தில் பழம் பறிக்க ஏன் குடும்பம் குடும்பமாகக் கர்நாடகத்துக்குப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். பதினொரு வயதுக்கு இது அதிகம் என்கிறீர்களா? அந்தப் பையனுக்கும் பதினொன்றுதான். அவனுக்கு இது தெரியும்.

*

மூன்றாம் நாள் கிளம்பும்போது பெரியவரிடம் சொன்னேன், 'ஐயா, பேரனை ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. பொண்ணு கேக்குறா.' சும்மா சொல்கிறேனா, நிஜமாகச் சொல்கிறேனா என்று ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். எனக்கே அது தெரியவில்லை. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

'பலா முடியட்டும் தம்பி, பாக்கலாம்' என்றார்.

பலா முடிந்தது. ஜூனில் பள்ளி திறந்தது. நான் போன் செய்யவில்லை. வேலை, மழை, மகளின் பரீட்சை என்று காரணங்கள் இருந்தன. இந்தக் கட்டுரையில் நான் திட்டிய எல்லாரையும்விட அதிகமாகத் திட்டவேண்டிய ஆள் அந்த ஜூன் மாதத்து நான்தான்.

இதோ மறுபடியும் ஏப்ரல். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்துவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். 'அவங்க தாத்தா நம்பர் இதுலதானே இருக்கு?' என்றாள்.

இருக்கிறது.