அன்று கைநாட்டு, இன்று பொத்தான்!

பண்ணையாரின் கணக்குப்பிள்ளை வெற்றுத்தாளை நீட்டுவார். மை தடவிய கட்டைவிரலை அதில் பதித்துவிட்டு, நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம் பாட்டன் வீடு திரும்புவார். பத்து ரூபாய்க் கடன் நூறு என்று எழுதப்பட்ட சங்கதி, கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியும். "படிக்காமல் நாட்டு வைக்காதே" என்று நம் சங்கங்கள் இரவுப் பள்ளி நடத்தியது இதற்காகத்தான்.

அந்தக் கணக்குப்பிள்ளை சாகவில்லை, தோழர்களே! இப்போது அவர் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். "சம்மதம்" என்று ஒரு பொத்தான். அதற்கு மேலே எறும்பு எழுத்தில், இங்கிலீஷில், பக்கம் பக்கமாக நிபந்தனைகள். படிக்காமல் விரலை வைக்கிறோம். இதுவும் கைநாட்டு இல்லாமல் வேறென்ன?

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள் என்றால், "கூலிக்காரன் பிள்ளைக்கு இது எதற்கு? கம்ப்யூட்டரைத் தட்டத் தெரிந்தால் போதாதா?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். போதாது என்கிறோம் நாம்.

அவசரக் கடன் தரும் செயலிகளின் அக்கிரமத்தை நம் மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் போனில் உள்ள அத்தனை பேருடைய எண்களையும் அது அள்ளிக்கொள்ளும். தவணை தவறினால் மாமனுக்கும் மச்சானுக்கும் போன் போட்டு மானத்தை வாங்கும். பல உயிர்கள் போன பிறகுதான், 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் போன் எண் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது.

பள்ளிக்கூடமே தப்பவில்லை. கொரோனா காலத்தில் பிள்ளைகள் படிக்க சர்க்கார் கொடுத்த செயலி 'தீக்ஷா'. 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்த ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-இல் அறிக்கை வெளியிட்டது. பிள்ளை இருக்கும் இடத்தையே 'தீக்ஷா' கண்டறிய முடியும் என்று அதில் கண்டிருந்தது. லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் பூட்டில்லாத பெட்டிபோல இணையத்தில் திறந்து கிடந்த செய்தி 2023 ஜனவரியில் வந்தது. பாடம் படிக்கப்போன பிள்ளையின் விவரத்துக்கே இந்தக் கதி!

"குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று அடுத்த வாதம் வருகிறது. பெருங்காமநல்லூரைக் கேளுங்கள்! பிறந்த குலத்தையே குற்றம் என்று வைத்து, ரேகை பதியச் சொன்னான் வெள்ளைக்காரன். மறுத்த மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டுத் தள்ளினான். மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அவர்கள் செய்த குற்றம் என்ன? விவரம் யார் கையில் இருக்கிறதோ, அவன் கையில் அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் பயம்.

2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டு முறை படம் பிடித்தார்கள். சிக்னல் இல்லாத இடத்தில், படம் ஏறாவிட்டால், பாடுபட்டவளின் கூலி போயிற்று. உழைப்பவளின் முகத்தைப் படம் பிடிக்கிறவர்கள் ஆலை முதலாளியின் லாபக் கணக்கைப் படம் பிடித்ததுண்டா?

"அதற்குத்தான் 2023-இல் சட்டம் போட்டோமே" என்கிறது மத்திய சர்க்கார். அதன் லட்சணத்தைப் பாருங்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளின் முக்கியப் பொறுப்புகளுக்கு 18 மாத அவகாசம்! மஸ்டர் ரோலில் பொய்ப்பெயர் எழுதிய காண்டிராக்டரைப் பிடிக்க ஏழைகளுக்கு உதவிய தகவல் உரிமைச் சட்டத்தை வெட்டும் ஷரத்தோ உடனே அமலுக்கு வந்துவிட்டது. தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் சர்க்கார் அதிகாரம் வைத்துக்கொண்டது. நமக்குத் திறந்த வீடு, அவர்களுக்குப் பூட்டிய பெட்டி!

செல்போனை உடை என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் நம் எதிரியல்ல. அதை வைத்திருக்கும் கைதான் கேள்வி. ஆகவே நாம் கோருவது:

ஆறாம் வகுப்பு முதல் தமிழில் இந்தப் பாடம் வேண்டும். எந்த விவரத்தைக் கேட்டாலும் பிள்ளை நான்கு கேள்வி கேட்கப் பழக வேண்டும்: கேட்பவன் யார்? எதற்கு? எங்கே வைப்பான், யாருக்குக் கொடுப்பான்? நான் மறுத்தால் என்ன ஆகும்?

ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் பள்ளி அனுமதியை மறுக்கக்கூடாது என்ற 2018 சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பைப் பள்ளி வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் சாதி, வருமானம், போன் எண் எதையும் கம்பெனிகளுக்குக் கொடுக்கக்கூடாது.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஆலை வாசலிலும் சேரியிலும் சங்கக் கட்டிடத்திலும் வாரம் ஒரு மாலை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவோம். எந்தச் செயலி எதைக் கேட்கிறது என்று பிள்ளை படிக்கட்டும். தகப்பனும் தாயும் கேட்கட்டும். அன்று இரவுப் பள்ளியில் கையெழுத்துக் கற்ற வர்க்கம் இதையும் கற்கும்.

படிக்காமல் விரல் வைக்காதே!