கூட்டு ஒப்பந்தத்தோடு போன நியாய வழி

2021இல் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை முடிவு செய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின; அவை தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. எல்லாரும் இதைச் சம்பளக் கணக்காகவே பார்த்தோம். ஆனால் தோட்டத்துக்குள் எழும் பிணக்கை எந்தப் படியில், யாரிடம் பேசித் தீர்ப்பது என்ற ஒழுங்கும் அந்த ஒப்பந்தத்துக்குள்தான் இருந்தது. அதுவும் சேர்ந்தே போனது. சம்பளத்தைச் சபை நிர்ணயிக்கலாம். அன்றாடச் சச்சரவை அது விசாரிக்காது.

பதுளை மாவட்டத்தில் பசறையிலோ மடூல்சீமையிலோ ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். மாலை நிறுவையில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று ஒரு பெண் பறித்த கொழுந்தில் சில கிலோ கழிக்கப்படுகிறது. மிச்சம், அன்றைய இலக்கைத் தொடவில்லை. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், அரைப் பேராகிறது. அந்தப் பெண் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்தான். விசாரணைக்கென்று இரண்டு தடவை டவுனுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் பேர் போகும். அரைப் பேரை மீட்க இரண்டு முழுப் பேரை யார் இழப்பார்? வேலையை விட்டே நீக்கினால் தொழில் நியாய மன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். வென்றாலும் கம்பெனி மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு கொண்டுபோகலாம். கடைசியில் மிஞ்சுபவர் சங்கத்தின் தோட்டத் தலைவர். அவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுவார். சங்கம் பலமானதென்றால் பேர் முழுதாகும், இல்லாவிட்டால் ஆகாது. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியாது.

அதே கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்தில் விலைபோய் ஈராக்குக்கோ துபாய்க்கோ கப்பலேறிய பிறகு, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தகராறு வந்தால் நிலைமை வேறு. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான நியூயோர்க் சமவாயத்தை இலங்கை 1962லேயே ஏற்றுக்கொண்டது. துபாயில் பெற்ற தீர்ப்பைக் கொழும்பில் நிறைவேற்றலாம்.

அரபு நாடுகளுக்கும் இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. 1951இல் அபுதாபி ஷேக்குக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் இடையிலான பிணக்கில் நடுவராக அமர்ந்தவர் ஆங்கில நீதிபதி ஆஸ்குவித் பிரபு. இப்படியான வணிக ஒப்பந்தத்துக்குப் பொருத்தக்கூடிய சட்டம் அந்த மண்ணில் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆங்கிலச் சட்டக் கோட்பாடுகளின் வழியில் தீர்ப்பெழுதினார். அந்த வடு அரபுச் சட்டத்துறையில் நெடுநாள் ஆறவில்லை. 1979இல் கெய்ரோவில் ஒரு பிராந்திய வணிக நடுத்தீர்ப்பு நிலையம் பிறந்தது. அரபு மொழியிலேயே அங்கு வழக்காடலாம். அதைத் தொடக்கி வைத்த ஆசிய-ஆப்பிரிக்கச் சட்ட ஆலோசனை அமைப்பை 1956இல் உருவாக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. சொந்த மொழியில் வழக்காடலாம் என்று கெய்ரோவில் நாம் ஒப்புக்கொண்ட முறையைப் பதுளையில் ஏன் மறந்தோம்? இங்கே தமிழ்த் தொழிலாளியின் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பதிவாகிறது. தான் சொன்னதைத் தானே வாசித்துச் சரிபார்க்க அவரால் முடிவதில்லை.

பதுளை அடங்கிய ஊவாவுக்கு இந்த விஷயத்தில் பழைய பாடமும் உண்டு. 1940 ஜனவரியில் ஊவாவுக்கு வெளியே முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அதோடு கலந்து பேசி நடக்கத் துரையும் இணங்கினார். அந்த ஆண்டே ஏழு அம்ச உடன்படிக்கை வந்தது. சங்கங்களுக்கு அங்கீகாரம், வேலைநிறுத்தத்துக்கு முன் பேச்சு, சமரசம் என்பவை அதன் சாரம். தோட்டச் சொந்தக்காரர்கள் மனமிரங்கிக் கொடுத்ததல்ல அது.

இப்போது புதுச் சட்டம் தேவையில்லை. இரு தரப்பும் இணங்கினால் தொழில் ஆணையாளர் ஒரு பிணக்கை நடுவரிடம் அனுப்பலாம் என்று 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமே சொல்கிறது. பதுளையில் ஒரு நிரந்தரக் குழு போதும்: சங்கத்தின் ஆள் ஒருவர், கம்பெனியின் ஆள் ஒருவர், இருவரும் ஏற்கும் மூன்றாமவர். குழு தோட்டத்துக்கே வரவேண்டும், தமிழில் கேட்டுத் தமிழில் எழுதவேண்டும், தராசையும் செக்ரோலையும் நேரில் பார்க்கவேண்டும்.

கம்பெனிகள் தயங்கும் என்பது தெரிந்ததே. சங்கங்களும் இதில் அவசரப்படப் போவதில்லை என்பதே என் கணிப்பு. அரைப் பேரை முழுப் பேராக்கித் தரும் சக்திதான் பல தலைவர்களின் செல்வாக்கு. அதை ஒரு குழுவிடம் கொடுக்க மனம் வருமா? சங்கம் எதிலும் சேராத தொழிலாளியின் முறைப்பாட்டையும் குழு ஏற்கவேண்டும் என்ற ஒரு வரியில்தான் பேச்சு முறியும். அந்த வரியை விட்டுக்கொடுத்து ஒரு குழு அமைப்பதானால், அமைக்காமலே இருக்கலாம்.