இளையோர் அலமாரியை இளையோரே நிரப்பட்டும்

பதின்ம வயது வாசகருக்கு ஒரு நாவல் பிடித்துவிட்டால் ஒரு முறை படித்ததோடு விட மாட்டார். மறுபடி மறுபடி படிப்பார். கூடப் படிப்பவர்களின் கையில் திணிப்பார். அடுத்த பாகம் எப்போது வரும் என்று புத்தகக் கடைக்காரரைத் துளைத்தெடுப்பார். வயசுக் கோளாறு என்று பெரியவர்கள் இதை ஒதுக்கிவிடுவது பெரும் தவறு. எந்தப் புத்தகம் நிலைக்கும் என்பதை அறிஞர்களுக்கு முன்பே இந்த ஆர்வம் கண்டுகொண்டதுண்டு. பொது நூலகங்கள் நூல் தேர்வில் அதற்கு இடம் தர வேண்டும்.

எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்த ஹின்டன், தன் வயதினரின் வாழ்க்கையைச் சொல்லும் கதை கிடைக்காததால் 15 வயதில் தானே எழுதத் தொடங்கினார். 1967இல் அது நூலாக வந்தபோது அவருக்கு 18 வயது. தாய் தந்தையை இழந்த மூன்று சகோதரர்கள், ஏழைப் பையன்களுக்கும் வசதியான வீட்டுப் பையன்களுக்கும் இடையே தெருச் சண்டை, சாவு என்று போகும் கதை. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் மதிக்க மாட்டார்கள் என்று சூசன் என்ற அவர் பெயர் அட்டையில் ஓரெழுத்தாகச் சுருங்கியது.

நாவலைப் படித்த பிள்ளைகளின் பிடிவாதம் திரைப்படம் வரை போனது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் உள்ள லோன் ஸ்டார் பள்ளியின் நூலகர், மாணவர்கள் உயிராக நேசித்த இந்த நாவலைப் படமாக்கும்படி 1980இல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவுக்குக் கடிதம் எழுதினார். மாணவர்கள் கையெழுத்திட்ட மனுவும் நாவலின் ஒரு பிரதியும் கூடவே போயின. 'தி காட்ஃபாதர்' எடுத்த கப்போலா அதை ஏற்றார். 1983இல் வெளிவந்த படம், அதை எடுக்கும்படி முதலில் கேட்ட அந்த நூலகருக்கும் மாணவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ஒரு சிறு பள்ளியின் பிள்ளைகள் சொன்னது சரி என்று ஹாலிவுட் ஒப்புக்கொண்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இளையோரிடம் தேர்வை விட்டால் மட்டமானவற்றையே பொறுக்குவார்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வன்முறையும் குடியும் இருக்கின்றன என்று இதே நாவலைச் சில அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து நீக்கக் கோரியவர்களின் வாதமும் அதுதான். இன்று அந்நாட்டில் எத்தனையோ வகுப்பறைகளில் அது பாடமாக இருக்கிறது. சுமாரான நூல்களையும் பிள்ளைகள் எடுப்பார்கள் என்பது உண்மையே. பெரியவர்களின் தேர்வுக் குழுக்களும் அப்படித்தான் எடுக்கின்றன. இளையோரை நம்பித் தேர்வை விட்டதற்கு முன்மாதிரியும் உண்டு: அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 'டீன்ஸ் டாப் டென்' என்ற பட்டியலை வெளியிடுகிறது. அதற்கான நூல்களைப் பதின்ம வயதினரின் வாசகர் குழுக்கள் முன்மொழிகின்றன. இறுதி வாக்கும் அந்த வயதினருடையதே.

தமிழ்நாட்டு நூலகங்களுக்கு இது எட்டாத காரியமல்ல. இந்தியாவில் முன்னோடியான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியையும் குடும்பங்கள் செலுத்துகின்றன. பல நூலகங்களில் வாசகர் வட்டமும் இயங்குகிறது. ஆனால் நீதிக் கதைகளும் படக்கதைகளும் உள்ள சிறுவர் பகுதியைத் தாண்டினால் போட்டித் தேர்வு வழிகாட்டிகள், அடுத்தபடி கல்கி, சாண்டில்யன். 'பொன்னியின் செல்வ'னில் 14 வயதில் மூழ்கி எழுகிற பெண் அடுத்து என்ன படிப்பது என்று கேட்டால், இந்தக் காலத்துப் பள்ளி, நட்பு, காதல், சாதிக் கொடுமை ஆகியவற்றை அவள் வயதிலிருந்து சொல்லும் தமிழ் நாவலைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வாங்குவோர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதவும் பதிப்பிக்கவும் ஆள் வருவார்கள்.

ஆகவே, மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்குத் தனி வாசகர் வட்டம் அமைய வேண்டும். நூல் கொள்முதல் தொகையில் ஒரு பங்கு அவர்கள் தேர்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நூலகர் கூட இருந்து விவாதிக்கலாம். பாடநூல் துணைவன்களை வாங்க அந்தப் பணத்தைத் திருப்பிவிடக் கூடாது. வாங்கிய நூல்கள் எத்தனை முறை இரவல் போயின என்ற கணக்கை ஆண்டு முடிவில் அந்த வட்டத்திடமே கொடுக்க வேண்டும். யாரும் தொடாத நூல் எது, தையல் விட்டுப்போகும் அளவுக்குக் கைமாறிய நூல் எது என்று பார்த்து அடுத்த பட்டியலை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.