இதயத்தை எட்டினால் எல்லாம் முடிந்ததா?

"புற்றுநோய் இதயத்துக்குப் போயிடுச்சுன்னா கத்திக்கு வேலையில்லை." விழிப்புணர்வு மேடைகளில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது.

மேடைப் பேச்சாளர்கள் இதற்குச் சொல்லும் காரணங்களில் முதலாவது, இதயம் கை வைக்கக் கூடாத உறுப்பாம். 1896இல் பிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் காயம்பட்ட இதயத்தைத் தைத்துப் பிழைக்கவைத்தார். 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து மூடினார். செய்தி இன்னும் மேடை ஏறவில்லை போலும்.

இரண்டாவது, இதயத்தை எட்டிவிட்டால் அது கடைசிக் கட்டமாம். சிறுநீரகப் புற்றுநோய் என்று ஒன்று இருப்பதை யாராவது இவர்களுக்குச் சொல்லக் கூடாதா? சிலரிடம் அந்தக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் நுழைந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக மேலேறி, இதயத்தின் வலது மேலறைக்குள் தலைநீட்டும். பக்கத்து வீட்டில் வேர்விட்ட சுரைக்கொடி நம் கூரையில் காய்ப்பது மாதிரி. வேர் சிறுநீரகத்தில்தான். பெரும்பாலும் இதயச் சுவரில் ஒட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நிணநீர்க் கணுவிலும் வேறு உறுப்பிலும் நோய் இல்லையென்றால், உலகெங்கும் புழங்கும் டி.என்.எம். வகைப்பாட்டில் இது மூன்றாம் நிலை. நான்காம் நிலைகூட இல்லை! சிறுநீரக அறுவை நிபுணரும் இதய அறுவை நிபுணரும் சேர்ந்து நிற்பார்கள். இயந்திரத்தில் இணைத்து, தேவைப்பட்டால் உடலை 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி, சிறுநீரகத்தோடு கட்டி மொத்தத்தையும் எடுப்பார்கள். அதன்பின் ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியும் சில நேரம் இதே பாதையில் இதயம் வரை போகும். முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கிறார்கள். அந்தக் குழந்தையின் தாயிடமும் இதே வசனத்தைத்தான் சொல்வார்களா?

மூன்றாவது, அறுவையில் உயிர் போகுமாம். போகலாம்தான். விட்டுவைத்தால் கட்டித் துண்டு பிய்ந்து நுரையீரல் தமனியை அடைக்குமே, அது மட்டும் சுபமுடிவா?

நான்காவது, தோல் மெலனோமாவும் நுரையீரல் புற்றும் இதயத்துக்குப் பரவினால் என்ன செய்வீர்கள் என்று மடக்குகிறார்கள். அங்கே கட்டியை வெட்டியெடுத்துக் குணமாக்குவது அரிது. ஆனால் இதய உறையில் நீர் கோத்து இதயத்தை நெருக்கும்போது, உறையில் சிறு திறப்பு வைத்து வடித்தால் மூச்சுத்திணறல் தணியும். அதுவும் கத்தியின் வேலைதான்.

எந்த உறுப்பிலிருந்து வந்தது, சுவரில் ஒட்டியதா தொங்குகிறதா, வேறெங்கும் உண்டா? இதற்கெல்லாம் எக்கோவும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்துச் சொல்லக் கூடாது.