கீரை நல்லதுதான், ஆனா எலி வேற தாத்தா வேற

ஆன்டி-ஆக்சிடன்ட்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டா நம்ம மக்கள் எதையும் நம்பிடறாங்க. போன வாரம் வந்த ஃபார்வர்டு இது: "ஈரல் நோயால மூளை குழம்புதா? புளிச்சக்கீரை குடிங்க, ஆராய்ச்சியில நிரூபணம்!"

ஆராய்ச்சி நடந்தது நிஜம்தான். நம்ம சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல. எலிங்க உடம்புல அம்மோனியம் குளோரைடை ஏத்தி, புளிச்சக்கீரை இலைச்சாறு கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தத்துல அம்மோனியா குறைஞ்சது, ஆக்சிஜனேற்றச் சேதமும் குறைஞ்சது. 2006, 2007ல கட்டுரைகளா வந்துச்சு. நல்ல வேலை, சந்தேகமே இல்ல.

இதுக்குப் பின்னாடி அடிப்படையும் இருக்கு. குடல்ல உண்டாகுற அம்மோனியாவை ஈரல்தான் யூரியாவா மாத்தணும். ஈரல் சுருங்கிட்டா அது நேரா மூளைக்குப் போகுது. நான் குப்பை கொட்டுற டோர்வல் இருக்கே, அதே மாண்ட்ரியல் தீவுலதான் இந்த நோயை வருஷக்கணக்கா ஆராய்றாங்க. அம்மோனியாவும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் சேர்ந்துதான் மூளையை வீங்க வைக்குதுன்னு எலிகள்ல காட்டினாங்க.

ஆனா பாருங்க, சிதம்பரத்து எலிக்கு ஈரல் சுருங்கல. வெளியில இருந்துதான் அம்மோனியா ஏத்தினாங்க. நம்ம தாத்தாவுக்கு சுருங்கினதே ஈரல்தான். ரெண்டும் ஒண்ணா?

கீழாநெல்லி கதை ஞாபகம் இருக்கா? 1988ல சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜன் குழு லான்செட்ல எழுதினாங்க. ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவங்கள்ல, மருந்து சாப்பிட்ட 59 சதவீதம் பேருக்கு ரத்தத்துல அந்தக் கிருமியோட அடையாளம் மறைஞ்சுது. போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வேற இடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கல. மனுஷங்கள்ல பார்த்ததுக்கே இந்தக் கதின்னா, எலியை வச்சு வைத்தியம் சொல்லலாமா?

சாறும் பொடியும் சும்மா போற சமாச்சாரமும் இல்ல. மஞ்சள் மாத்திரையால ஈரல் கெட்டவங்களைப் பத்தி அமெரிக்க டாக்டர்கள் 2022ல எழுதியிருக்காங்க. மஞ்சளுங்க! ரசத்துல போடுறது வேற, மாத்திரையா அமுக்கி விழுங்குறது வேற.

இந்தக் குழப்பத்துக்கு வைத்தியம் இருக்கு. லாக்டுலோஸ்னு ஒரு பாகு. வயித்தைக் கழுவி அம்மோனியாவை வெளியேத்தும். கேக்க அசிங்கமா இருக்கும், உயிரைக் காப்பாத்தும். கூடவே ரிஃபாக்ஸிமின் மாத்திரையும் கொடுப்பாங்க.

அதனால கீரையைக் கூட்டா, கடையலா தாராளமா சாப்பிடுங்க. ஆனா வீட்டுல ஈரல் நோயாளி பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சாலோ, உளறினாலோ, நீட்டின கை படபடன்னு ஆடினாலோ, "குடிச்சிருக்கான்", "வயசாயிடுச்சு"ன்னு விடாதீங்க. சாறு அரைச்சு நேரத்தையும் போக்காதீங்க. ஆட்டோவைக் கூப்பிடுங்க.

மாத்துக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம்.