முதலாம் வகுப்புப் பிள்ளையும் தமிழ் வீட்டின் பேச்சும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாதம் பிறந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் போன்ற இடங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோரில் பலர் பயிற்சிப் புத்தகங்களைத் தேடிக் கடைகளுக்குச் செல்கின்றனர். ஆறு வயதை எட்டும் பிள்ளை முதலாம் வகுப்பில் காலடி வைத்திருக்கிறது. கூட்டல் கழித்தலுக்கு ஒன்று, ஆங்கில எழுத்துக்கு ஒன்று எனப் புத்தகங்கள் வாங்கப்படுகின்றன. வார இறுதியில் தனியார் வகுப்பொன்றிலும் பெயர் பதிவாகி விடுகிறது. ஆனால் அப்பிள்ளையிடம் பள்ளி உண்மையில் எதனை எதிர்பார்க்கிறது என்பதை அறிய, ஒன்ராறியோ மாகாணக் கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்த பெற்றோர் மிகச் சிலரே. எவரும் பணம் செலுத்தாமல் இணையத்தில் படிக்கக்கூடிய ஆவணம் அது.

படிப்பவர்களுக்கு அதில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மொழி, உடல்நலம், அறிவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் முதலாம் வகுப்புக்கென வகுக்கப்பட்ட இலக்குகளில் பெரும்பகுதி, பிள்ளை தான் கேட்பதையும் காண்பதையும் உணர்வதையும் பெயர் சொல்லிப் பேசவேண்டும் என்பதையே நாடுகிறது. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துச் சொல்லல், பசியையும் நிறைவையும் அறிந்து சொல்லல், தன் உடலின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்தல், பகல் நீள்வதையும் குறுகுவதையும் கவனித்துச் சொல்லல் என்று அது விரிகிறது. இவை யாவும் வீட்டில் நாள்தோறும் நடைபெறும் பேச்சினால் வளர்பவை. அப்பேச்சு எந்த மொழியில் நடக்கிறது, எவற்றைப் பற்றி நடக்காமலே விடப்படுகிறது என்பதில்தான் தமிழ்க் குடும்பங்களின் சிக்கல் இருக்கிறது.

முதலில் மொழி. 2022 பெப்ரவரியில் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 'வாசிப்பதற்கான உரிமை' என்ற விசாரணை அறிக்கையை வெளியிட்டது. படத்தைப் பார்த்தும் வசனத்தின் போக்கைக் கொண்டும் சொல்லை ஊகித்து வாசிக்கப் பழக்கும் முறையை அது கடுமையாகக் குறை கூறியது. அதனைத் தொடர்ந்து 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மொழிப் பாடத்திட்டம், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகக் கற்பிக்கும்படி கூறுகிறது. பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை மூன்று ஒலிகளாகப் பிரிக்கவும், பின்னர் சேர்த்து ஒரு சொல்லாக ஒலிக்கவும் முதலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மட்டக்களப்பிலோ அரிச்சுவடி படித்த எவருக்கும் இது புதிய வித்தையாகத் தோன்ற முடியாது. 'க்' உடன் 'அ' சேர்ந்தால் 'க', 'இ' சேர்ந்தால் 'கி' என்று உயிரையும் மெய்யையும் கூட்டிப் பழகிய தலைமுறை அது. தமிழ் நெடுங்கணக்கின் 216 உயிர்மெய்களும் இப்படிக் கூட்டிப் பெறப்படுபவைதாம். 'பாம்பு' என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லும் பிள்ளையின் வாயில், ஒரே 'ப' என்னும் எழுத்து முதலில் ஒருவிதமாகவும் இறுதியில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. ஆங்கிலம் அவ்விரண்டு ஒலிகளையும் இரண்டு எழுத்துகளால் எழுதுகிறது, அவ்வளவே. ஒலியைப் பகுத்துக் கேட்கும் காது தமிழில் பழகினால் ஆங்கிலத்துக்கும் அதே காதுதான் உதவப் போகிறது.

எனினும் நடப்பது என்ன? வீட்டில் தமிழ் பேசினால் பள்ளியில் ஆங்கிலம் பின்தங்கி விடும் என்ற அச்சத்தினால், பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போனதும் வீட்டு மொழியை மாற்றிவிடும் குடும்பங்கள் ஏராளம். முன்னொரு காலத்தில் சில ஆசிரியர்களே அவ்வாறு அறிவுரை கூறியதும் உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ், இருமொழிப் பிள்ளையின் இரு மொழிகளுக்கும் அடியில் பொதுவான ஓர் அறிவுத்தளம் உண்டு என்றும், ஒன்றில் ஆழமாகப் பெற்றது மற்றதற்கும் கைகொடுக்கும் என்றும் 1970களின் இறுதியிலிருந்தே எழுதி வந்திருக்கிறார். அந்த ஆய்வுகளை விட்டுவிட்டாலும், மாற்றப்பட்ட வீட்டு மொழியை ஒரு மாலைப்பொழுது கேட்டாலே உண்மை விளங்கும். இரவுப் பணி முடித்து வந்த தந்தையின் ஆங்கிலம் பிள்ளையிடம் நான்கைந்து கட்டளைகளாகச் சுருங்கிப் போகிறது: சாப்பிடு, ஓடாதே, பல் துலக்கு, படு. அதே தந்தை தமிழில் ஊர்க் கிணற்றைப் பற்றியும் ஆட்டுக்குட்டியைப் பற்றியும் அரை மணித்தியாலம் கதை சொல்ல வல்லவர். அக்கதையைக் கேட்டு 'ஏன்', 'பிறகு' என்று வினவும் பிள்ளைக்குத்தான், வகுப்பில் வாசித்ததை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் ஆற்றல் வரும். அதுவும் மொழிப் பாடத்தின் இலக்குகளில் ஒன்றே.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1977இல் மரபுமொழித் திட்டமாகத் தொடங்கி இன்று பன்னாட்டு மொழித் திட்டமாக இயங்கும் ஏற்பாட்டின் கீழ், போதிய எண்ணிக்கையிலான மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கோரினால் கல்விச் சபை தமிழ் வகுப்பை நடத்தியாக வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வரை அது நடைபெறும். நல்ல உரிமை. ஆனால் போட்டிக்காகப் பொருள் விளங்காத பேச்சை மனனம் செய்விப்பதில் அந்த நேரத்தைச் செலவழித்து விட்டு, பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. இரண்டரை மணித்தியாலம் ஒரு வாரத்தின் பேச்சுக்கு ஈடாகவும் முடியாது.

அறிவியல் பாடத்தைப் பெற்றோர் கணினியோடு மட்டும் பொருத்திப் பார்க்கின்றனர். 2022இன் புதிய பாடத்திட்டத்தில் முதலாம் வகுப்பிலேயே கணினி நிரலாக்கம் சேர்க்கப்பட்ட செய்தி தமிழ் வீடுகளில் பெருமகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்டது. அதே பாடத்திட்டத்தில் உயிரினங்களின் தேவைகள், அன்றாடப் பொருட்கள், வாழ்வில் ஆற்றல், நாளிலும் பருவத்திலும் ஏற்படும் மாற்றங்கள் என்ற பகுதிகளும் இருப்பதை அவ்வளவு ஆவலோடு எவரும் பேசக் காணோம்.

பருவ மாற்றத்தை எடுத்துக்கொண்டால், ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வகுப்பில் வேறு பலருக்கும் இல்லாத வசதி உண்டு. ரொறன்ரோவில் டிசெம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ 9 மணித்தியாலம். பிற்பகல் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடுகிறது. ஜூன் இறுதியில் பகல் பதினைந்து மணித்தியாலத்தைத் தாண்டுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள யாழ்ப்பாணத்திலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே கடக்கும். இங்கு இலை உதிர்ந்து மரங்கள் வெறுமையாகும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கு வடகீழ்ப் பருவமழை பொழிந்து வயல் பச்சையாகிறது. அம்மம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, 'அங்கு இப்போது வெளிச்சமா இருட்டா, குளிரா மழையா' என்று பிள்ளையைக் கேட்கச் செய்தால், அது பாடநூல் தராத பாடமாகும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழர் ஆண்டை ஆறாகப் பகுத்தனர் என்பதையும், இந்நாட்டார் நான்காகப் பகுக்கின்றனர் என்பதையும் கேட்ட பிள்ளை, காலத்தைப் பகுப்பது அவ்வந்நிலத்தைக் கவனித்தவர்கள் செய்த வேலை என்பதைத் தானே கண்டுகொள்ளும். தைப்பொங்கலும் அவ்வாறே. பூமியின் ஆற்றலுக்குச் சூரியனே முதன்மையான மூலம் என்பது முதலாம் வகுப்பு அறிவியல். பனி மூடிய முற்றத்தைப் பார்த்தபடி அடுப்பில் பொங்கல் வைக்கும் தாய், சூரியனுக்கு ஏன் படைக்கிறோம் என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். மேடை நடனத்துக்கு உடை தைப்பதில் காட்டும் சிரத்தையில் சிறு பங்கு இதற்கும் வேண்டும்.

மிகக் கடினமான பகுதி உடல்நலம். இங்கேதான் தமிழ் வீடு பேசாமல் இருந்து விடுகிறது.

2019இல் வெளியான உடல்நலப் பாடத்திட்டத்தின்படி, பசி, தாகம், வயிறு நிறைந்த உணர்வு ஆகியவற்றை அறிந்து சொல்ல முதலாம் வகுப்புப் பிள்ளை கற்க வேண்டும். தமிழ் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தொலைக்காட்சியின் முன் இருத்திச் சோறு தீத்தப்படுகிறது. 'போதும்' என்று பிள்ளை தலையைத் திருப்பினால், 'இன்னும் ஒரு வாய்' என்பதே விடை. அன்பினால் செய்யப்படுவதுதான், ஐயமில்லை. ஆனால் தன் வயிறு சொல்வதை நம்பலாமா கூடாதா என்பதைப் பிள்ளை அந்தத் தட்டின் முன்னேதான் கற்கிறது. உணவின் தன்மையில் தமிழ்ச் சமையலுக்குக் குறையொன்றும் இல்லை. கனடாவின் 2019ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, தட்டில் பாதி மரக்கறியும் பழமும், காற்பங்கு முழுத்தானியம், காற்பங்கு புரத உணவு என்கிறது. சோற்றைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் மரக்கறியையும் கூட்டினால் அது பெரும்பாலும் ஆச்சியின் தட்டே.

'போதும்' என்ற சொல்லுக்கு இடமில்லாத வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கும் இடமிருப்பதில்லை. விருந்தினர் வந்தால், 'மாமாவைக் கொஞ்சிவிட்டு வா' என்று பிள்ளை தள்ளி விடப்படுகிறது. பிள்ளை பின்வாங்கினால் மரியாதை தெரியாத பிள்ளை என்ற பெயர் கிடைக்கிறது. அன்பான நடத்தை எது, தன்னைத் தவறாகப் பயன்படுத்தும் நடத்தை எது என்று பிரித்தறியவும், விருப்பமற்ற தொடுகையை மறுக்கவும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவும் முதலாம் வகுப்பு கற்பிக்கிறது. காலையில் வகுப்பில் கற்ற மறுப்பு மாலையில் வரவேற்பறையில் செல்லாது என்றால் பிள்ளை எதனை நம்பும்? கைகூப்பி வணக்கம் சொல்லும் வழக்கம் தமிழரிடம் இருக்கிறது. மரியாதைக்கு அது போதாதா?

உறுப்புகளின் பெயர்கள் பற்றிய சச்சரவு பலருக்கு நினைவிருக்கும். 2010இல் அறிவிக்கப்பட்ட திருத்தம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2015 செப்டெம்பரில் அது மீண்டும் வந்தபோது, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாலுறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லிக் கொடுப்பது பெரும் குற்றமாகப் பேசப்பட்டது. குடிவரவாளர் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது மறுப்புத் தெரிவித்தனர். 2018இல் ஆட்சி மாறியதும் அப்பாடத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்திலும் முதலாம் வகுப்பில் அப்பெயர்கள் இருக்கின்றன. ஆட்சிகள் மாறியும் அது மாறாமைக்குக் காரணம் உண்டு. தன் உடலில் எங்கே, என்ன நடந்தது என்று சொல்லச் சொல் இல்லாத பிள்ளையால் உதவி கேட்க முடியாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு செல்லப் பெயர் வழங்குகிறது. அச்செல்லப் பெயரைச் சொல்லி முறையிடும் பிள்ளையைப் பள்ளி ஆசிரியர் விளங்கிக்கொள்ள மாட்டார். பள்ளியில் கற்ற ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்த பிள்ளை, பெற்றோர் வேலைக்குப் போன பின் தன்னைப் பார்த்துக்கொள்ளும் அப்பம்மாவிடம் எதுவும் சொல்ல முடியாது. ஆண்குறி, பெண்குறி என்பவை தமிழில் உள்ள சொற்களே. இன்றைய பெற்றோர் தாயகத்தில் விஞ்ஞானப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்ற சொற்கள். கையையும் காதையும் காட்டிப் பெயர் சொல்லும் அதே குரலில், குளிப்பாட்டும் வேளையில் அவற்றையும் சொன்னால் பிள்ளைக்கு அதில் கூச்சம் எதுவும் தோன்றாது. கூச்சம் பெரியவர்களுடையது. அதனைப் பிள்ளையின் பாதுகாப்பை விலையாகக் கொடுத்துக் காக்க வேண்டியதில்லை.

மனித வளர்ச்சி, பாலியல் நலம் பற்றிய பகுதியிலிருந்து மட்டும் பிள்ளைக்கு விலக்குப் பெறும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பாடம் தொடங்குவதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்களுக்கு முன்னரே பள்ளி அதுபற்றி அறிவிக்கும். முதலாம் வகுப்பில் அப்பகுதியில் அடங்குபவை உறுப்புகளின் பெயர்களும், ஐம்புலன்களும், உடற்சுத்தமுமே என்பதைப் படித்துப் பார்க்காமலே விலக்குப் படிவத்தில் கையெழுத்திடுவோரும் இருக்கின்றனர். கையெழுத்திடுவது அவர்களுடைய உரிமை. ஆயினும் அறிவித்தல் வந்த நாளிலிருந்து பாடம் தொடங்கும் நாள் வரை, ஏறத்தாழ நான்கு வாரங்கள் வீட்டின் கையில் உள்ளன. பள்ளி ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்பாகவே தாயோ தந்தையோ அப்பம்மாவோ தமிழில் அச்சொற்களைப் பிள்ளைக்குச் சொல்லி வைக்க அக்காலம் தாராளமாகப் போதும்.