இரத்தத்தைச் சோதிக்கட்டும், பிழைப்பைப் பறிக்கக் கூடாது



"ஆஸ்பத்திரியிலே இரத்தம் கேட்டா கொடுக்க வேண்டியதுதானே, அதிலே என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். அதில் நிறைய இருக்கிறது. நம் தாய் தந்தையர் வழியாக வந்த மரபணு ஒவ்வொரு துளியிலும் இருக்கிறது. அதைச் சோதித்தால், பிற்காலத்தில் இன்ன நோய் வரக்கூடும் என்று ஓரளவு சொல்லலாம். வரக்கூடும் என்பது வேறு, வந்துவிட்டது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, நல்ல உடம்போடு இருப்பவருக்கு வேலையோ காப்புறுதியோ மறுப்பதைத்தான் மரபணுப் பாகுபாடு என்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே இரயில் கம்பெனியில் தண்டவாள வேலை செய்தவர்கள் சிலருக்கு மணிக்கட்டு நரம்பு அழுந்திக் கை மரத்துப் போனது. வேலையால் வந்த வியாதி என்று நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து இரத்தம் எடுத்தது. அவர்களிடம் சொல்லாமலே அதை மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. "கோளாறு வேலையிலே இல்லை, உன் பிறப்பிலே" என்று கைகழுவ இது நல்ல வழியல்லவா?

ஒரு தொழிலாளி இரத்தம் தர மறுத்தார். விஷயம் வெளியே வந்தது. 2001-இல் அரசாங்கத்தின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. தொழிற்சங்கமும் எதிர்த்து நின்றது. கம்பெனி சோதனையை நிறுத்தியது. 2002-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அங்கே இதற்கென்று ஒரு மசோதா 1995-இலேயே வந்தது. அது சட்டமானது 2008-இல்தான். முதலாளியும் மருத்துவக் காப்புறுதிக் கம்பெனியும் மரபணு விவரத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆனால் ஆயுள் காப்புறுதியை அது தொடவில்லை. கனடா 2017-இல் இன்னும் கடுமையான சட்டம் செய்தது. மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தினால் 10 லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் செல்லும் என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2021-இல் அரசாங்கமும் காப்புறுதிக் கம்பெனிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. காப்புறுதி எடுப்பதற்காக மரபணுச் சோதனை செய்யச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இதுதான் நம் கவலை.

தாலசீமியாவைப் பாருங்கள். 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அந்தச் சோதனை தொடங்கியது. நல்ல காரியம். அந்தக் கூறு உள்ள பிள்ளை நோயாளி அல்ல, எல்லாரையும் போல ஓடியாடும். தாய் தந்தை இருவருக்கும் அது இருந்தால்தான், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது. ஆனால், "நாளைக்கு வேலை கிடைக்காதோ, பெண் கேட்டு வரமாட்டாங்களோ" என்ற பயம் புகுந்துவிட்டால் யார் சோதனைக்குப் போவார்கள்? பாதுகாப்புச் சட்டம் இல்லாத இடத்தில் வைத்தியமும் தோற்றுப்போகும்.

ஆகவே சோதனைக்குப் பயந்து ஒளிய வேண்டாம். ஆனால் எதற்கு எடுக்கிறார்கள், முடிவை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். புரியாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலைக்காக மரபணுச் சோதனை கேட்டால் உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். சங்கமும் இதற்கொரு சட்டம் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். நம் உழைப்புக்குத்தான் சம்பளம் வாங்குகிறோம். நம் பரம்பரையை யாருக்கும் விற்கவில்லை.